மூன்று முறை எழுதிய ஹோஸ்டிங் விதிமுறை

விதிமுறைப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு மலேசியாவில் சின்னதாக ஹோஸ்டிங் தொழில் (மற்றவர்களின் இணையதளங்களைச் சர்வரில் வைத்துக்கொடுப்பது) நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர் படித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு ஃபோன் போட்டு, "தம்பி, நான் பிறையில் இருக்கிறேன், நீங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள். வழக்கு என்று வந்தால் டெக்சாஸ் போக வேண்டும் என்று போட்டிருக்கிறீர்களே, எதற்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பக்கத்தை எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். மூடிப்போன தோட்டப் பள்ளிகளின் பழைய வகுப்புப் படங்களைச் சேர்த்து ஓர் அகப்பக்கம் நடத்துகிறார். படத்தைப் பார்த்தவர்கள் கீழே எழுதுவார்கள்: இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக நிற்பது என் அக்கா, ஓரத்தில் நிற்பது எங்கள் கிராணியின் (தோட்டக் கணக்கரின்) மகன் என்று. நான் இடம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வரில் டிஸ்க் போனபோது, அவருடைய கடைசி பேக்கப் ஐந்து மாதம் பழையது. கணக்கின் அளவு வரம்பைத் தாண்டியதும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. படங்கள் அவருடைய ஹார்ட் டிஸ்கில் இருந்தன. ஐந்து மாதமாக மக்கள் எழுதிய பெயர்கள் போய்விட்டன.

நான் உடனே செய்த தவறு, 'பேக்கப் வாடிக்கையாளரின் பொறுப்பு' என்ற விதியைக் காட்டியதுதான். விற்பனைப் பக்கத்தில் 'தினசரி பேக்கப்' என்று நானே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அதோடு, காசு கட்டும்போது அந்த விதி அவர் கண்ணில் படவே இல்லை, அது பக்கத்தின் அடியில் ஒரு சின்ன லிங்க். ஆர்டர் படிவத்தில் டிக் பெட்டிகூட இல்லை. அவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் பதிந்தார். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பொதுவாக லோயர் வைத்துக்கொள்ள முடியாது, நாமே போய் நிற்க வேண்டும். விசாரணைக்கு முன்பே பேசித் தீர்த்தோம். இரண்டு வருடக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பல சனிக்கிழமைகள் அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கக் கேட்க, பெயர்களை மறுபடி தட்டினேன். எல்லாம் திரும்பி வரவில்லை.

இரண்டாவது முறை, முறையாகச் செய்வோம் என்று லோயரிடம் போனேன். ஃபெரி ஏறி, பினாங்குத் தீவில் லெபோ பந்தாய் பக்கம் ஒரு அலுவலகம். வரவேற்பில் இருந்தவர் எஸ்எஸ்எம் (தொழில்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிவுச் சான்றிதழ் கேட்டார், ஃபோனில் காட்டினேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, இது மூன்று வாரத்துக்கு முன்பே காலாவதி, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அரை நாள் போனது, ஆனால் அவர் சொன்னது சரி. இணையத்தில் விற்கிறவர் தொழில் பெயர், பதிவு எண், முழு விலை, விற்பனை நிபந்தனை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். காலாவதியான பதிவை வைத்துக்கொண்டு யார் பெயரில் விதிமுறை எழுதுவது? வர்த்தகப் பெயருக்கு வருடம் 60 ரிங்கிட், இணையத்திலேயே கட்டலாம். இதைப் படிக்கும்போதே உங்கள் தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடி போய் 1,500 ரிங்கிட் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து வந்த ஆவணத்தில், பொருள் கிடைத்த ஏழு நாளுக்குள் பழுது இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பலாம் என்று இருந்தது. டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) என்ற சொல்லே இல்லை. திருத்தம் கேட்டால் தனிக் கட்டணமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யோசித்தால், என் தொழிலில் என்ன நடக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்றாவது முறை நானே எழுதினேன். எந்தக் கம்பெனியின் பக்கத்தையும் திறக்கவில்லை. இரண்டு வருட சப்போர்ட் டிக்கெட்டுகளைத் திறந்து, எங்கே சண்டை வந்தது என்று மட்டும் பார்த்தேன். கல்யாணப் புகைப்படக்காரர் ஒருவர் 'அன்லிமிடெட்' என்பதை நம்பி லட்சக்கணக்கான ஃபைல்களை ஏற்றி, சர்வர் நொண்டியது. அந்தச் சொல்லையே தூக்கிவிட்டு எத்தனை ஜிபி, எத்தனை ஃபைல் என்று எண்ணாகப் போட்டேன். பேக்கப் பற்றி இப்போது இருப்பது இதுதான்: வாரம் ஒருமுறை, இரண்டு பிரதி, 10 ஜிபிக்கு மேல் உள்ள கணக்குக்குக் கிடையாது, நின்றால் மின்னஞ்சல் வரும். செய்வதை மட்டும் எழுதுங்கள். பணம் கட்டாவிட்டால் எத்தனையாவது நாள் நிறுத்துவோம், எத்தனையாவது நாள் அழிப்போம் என்ற இரண்டு தேதியும் தனித்தனியாக வேண்டும். என் பாதிச் சண்டைகள் அதில்தான்.

நீங்களும் என்னைப் போல ரீசெல்லர் (பெரிய கம்பெனியிடம் இடம் வாங்கிப் பிரித்து விற்பவர்) என்றால், அந்தக் கம்பெனியின் தடைப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். அவர்கள் தடுப்பதை நீங்கள் அனுமதித்தால், ஒருவருடைய ஸ்பேமுக்காக எல்லோருடைய தளமும் படுத்துவிடும். பதிப்புரிமைப் (காப்பிரைட்) புகாருக்கும் ஒரு பத்தி வேண்டும். நம் சட்டப்படி முறையான அறிவிப்பு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும், வாடிக்கையாளருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. தனிநபர் தரவு அறிவிப்பு (வாடிக்கையாளர் விவரங்களை எதற்கு எடுக்கிறோம் என்பது) மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது. நான் ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருந்தேன்.

எழுதியதை வேறொரு லோயரிடம் கொடுத்து, சரிபார்க்க மட்டும் 300 ரிங்கிட் கொடுத்தேன். அவர் ஒரே பத்தியை அடித்தார்: 'எந்த நஷ்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல' என்பதை. வழக்குப் போடும் உரிமையையே முழுதாக மூடும் இப்படிப்பட்ட விதி 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி செல்லாது என்று 2018-ல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். நியாயமில்லாத ஒப்பந்த விதிகளுக்கென்றே 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பகுதியும் இருக்கிறது. அதனால் இப்போது, கடைசி 12 மாதத்தில் கட்டிய தொகை வரை பொறுப்பு என்று இருக்கிறது. எல்லா நிலையிலும் இது நிற்கும் என்று அவர் உறுதி தரவில்லை. டெக்சாஸ் போய், மலேசியச் சட்டம் என்று வந்தது.

தமிழில் ஒரு பக்கச் சுருக்கமும் வைத்தேன். அதை முதலில் அந்த ஆசிரியருக்குத்தான் அனுப்பினேன். சிவப்பு மையில் திருத்தி, படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் திருப்பி அனுப்பினார். நான்கு ஒற்றுப்பிழை, கூடவே ஒரு கேள்வி: "'நியாயமான காலம்' என்று போட்டிருக்கிறீர்கள் தம்பி, எத்தனை நாள்?" 14 நாள் என்று மாற்றினேன்.

புது ஆர்டர்களில் டிக் வைக்காமல் காசு கட்ட முடியாது, தேதியும் பதிவாகிறது. பழைய வாடிக்கையாளர்கள்தான் மிச்சம். 63 பேருக்கும் மின்னஞ்சல் போட்டேன், 41 பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களுக்குப் புதுப்பிக்கும் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் ஒவ்வொருவராக ஃபோன் போடுகிறேன். அடுத்த வாரம் இருவர்.