மூஸா நபி கேட்ட உதவி

பரீட்சையோ, இன்டர்வியூவோ, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு பேச்சோ, எது எதிரே வந்து நின்றாலும் நம்மில் பலருடைய வாயில் தானாக வருவது "ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ, வயஸ்ஸிர் லீ அம்ரீ" (என் இறைவா, என் நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை இலேசாக்கு) என்ற துஆ, அதாவது பிரார்த்தனைதான். மதரஸா காலத்திலேயே மனப்பாடம் ஆகிவிட்டதால் யோசிக்காமலே ஓதிவிடுகிறோம். ஓதுவது நல்லதுதான், ஆனால் இது யார் எந்த நிலைமையில் கேட்டது என்று குர்ஆனின் 20-ஆம் அத்தியாயமான சூரா தாஹாவைத் திறந்து பார்த்துவிட்டு ஓதினால் அதன் கனமே வேறு.

மூஸா நபி (அலை) துவா என்ற பெயருடைய பள்ளத்தாக்கில் நிற்கிறார்கள். "ஃபிர்அவ்னிடம் போ, அவன் வரம்பு மீறிவிட்டான்" என்று கட்டளை வருகிறது. எகிப்தை ஆண்ட இந்த ஃபிர்அவ்ன் அவர்களுக்கு முன்பின் தெரியாத ஆள் இல்லை. அவனுடைய வீட்டில்தான் வளர்ந்தார்கள், அந்த ஊரில் ஓர் ஆள் தம் கையால் இறந்துபோனதால்தான் ஊரை விட்டே ஓடினார்கள். திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்ததை சூரா ஷுஅராவில் அவர்களே சொல்கிறார்கள், நெஞ்சு இறுகுகிறது, நாவும் சரளமாக வரவில்லை என்பதையும் சேர்த்து. அப்படிப்பட்ட நேரத்தில் "வேண்டாம் ரப்பே, வேறு யாரையாவது அனுப்பு" என்று கேட்கவில்லை. நெஞ்சை விரிவாக்கு, என் காரியத்தை இலேசாக்கு, நாவின் முடிச்சை அவிழ், நான் பேசுவது அவர்களுக்குப் புரியட்டும். இவ்வளவுதான் கேட்டார்கள்.

நாம் பெரும்பாலும் இந்த இடத்தோடு, அதாவது 28-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். துஆ அங்கே முடியவில்லை. அடுத்ததாக அவர்கள் கேட்பது ஒரு ஆளை: "என் குடும்பத்திலிருந்து எனக்கு ஓர் உதவியாளரைத் தா, என் சகோதரர் ஹாரூனை." தம்மைவிட அவர் தெளிவாகப் பேசக்கூடியவர் என்றும் வேறொரு சூராவில் ஒளிக்காமல் சொல்கிறார்கள். துஆ செய்கிறேன், அதனால் யாரிடமும் உதவி கேட்கமாட்டேன் என்று சிலர் விறைப்பாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனங்கள்தான் ஞாபகம் வரும். அல்லாஹ்விடம் நேரடியாகப் பேசிய ஒரு நபியே துணைக்கு ஆள் கேட்டிருக்கும்போது நமக்கு என்ன வீம்பு?

36-ஆம் வசனத்தில் பதில் வந்துவிடுகிறது: மூஸாவே, நீர் கேட்டது கொடுக்கப்பட்டது. சரி, அதோடு பயம் போய்விட்டதா என்றால் இல்லை. சில வசனங்கள் தள்ளி, அண்ணன் தம்பி இருவருமே "அவன் எங்கள்மீது பாய்ந்துவிடுவானோ என்று அஞ்சுகிறோம்" என்கிறார்கள். துஆ ஓதியும் கை நடுங்குகிறதே, ஈமான் (இறைநம்பிக்கை) குறைவோ என்று தன்னையே குடைந்துகொள்பவர்கள் இதை மெதுவாகப் படிக்க வேண்டும். அந்தப் பயத்துக்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. "அஞ்சாதீர்கள், நான் உங்கள் இருவருடனும் இருக்கிறேன், கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறேன்" என்ற பதில்தான் வந்தது. ஃபிர்அவ்ன் அப்படியேதான் இருந்தான், போக வேண்டிய வேலையும் இருந்தது, இருவரும் போனார்கள்.

இதே பொருளில் சின்னதாக ஒன்று வேண்டுமென்றால், நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிப்பதாக இப்னு ஹிப்பான் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் துஆ இருக்கிறது: "அல்லாஹும்ம லா ஸஹ்ல இல்லா மா ஜஅல்தஹு ஸஹ்லா, வ அன்த தஜ்அலுல் ஹஸ்ன இதா ஷிஃத ஸஹ்லா." யா அல்லாஹ், நீ இலேசாக்கியதைத் தவிர இலேசானது எதுவும் இல்லை, நீ நாடினால் கடினமானதையும் இலேசாக்கிவிடுவாய். ஒரே மூச்சில் ஓதிவிடலாம், வாசல் கதவைத் தட்டுவதற்கு முன்னால்கூட. ஆனால் நேரம் இருக்கும்போது தாஹாவின் 25 முதல் 35 வரை முழுதாக ஓதிப் பாருங்கள், அப்புறம் உங்களுடைய ஹாரூன் யார் என்று யோசித்து அவருக்கு ஒரு போனும் போடுங்கள்.