இடது கையின் நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

மாலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். இந்த ஆண்டு முஸ்லிம்களின் நோன்பு மாதம் கடந்த ஞாயிறு தொடங்கியது; எங்கள் தவக்காலம் இன்று. மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார்கள். (2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பலகைகள் மாறிவிட்டன. எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.)

மத்தேயு ஆறாம் அதிகாரம் வாசித்தார்கள். தர்மம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற பகுதி. என் கண் தானாகச் சுவரில் பதித்த பளிங்குக் கல்லுக்குப் போனது. கூரை நிதிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல். மூன்றாவது வரியில் நான், 500 வெள்ளி (ரிங்கிட்). எழுத்து கொஞ்சம் சின்னதாகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு அன்றிலிருந்தே உண்டு.

திரும்பும் வழியில் சின்னவள் கேட்டாள்: "இரண்டு கையும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன? ஒன்றுக்குத் தெரியாமல் இன்னொன்று எப்படிக் கொடுக்கும்?"

"அது உவமை" என்றேன். வயது ஒன்பது, மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மடியில் ஞானோபதேச வகுப்பில் கொடுத்த அட்டை உண்டியல். ஒரு காசு போட்டு ஆட்டிப் பார்த்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தோட்டத்தில் என் பிரிவில் செம்பனைக் குலை வெட்டும் ஆறு பேரும் பங்களாதேஷ்காரர்கள். (வங்காளி என்று எழுதலாம்தான். ஆனால் இந்த நாட்டில் வங்காளி என்றால் சீக்கியரைத்தான் நினைப்பார்கள்.) ஆறு பேரும் நோன்பு. நீளக் கழியின் நுனியில் அரிவாள், அண்ணாந்து நின்று இழுத்தால் 20 கிலோ குலை தடாலென்று விழும். இத்தனையும் ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல்.

அவர்களில் இளையவன் இன்று ஒரு நிரை முழுக்க உதிரிப்பழத்தைப் பொறுக்காமல் விட்டுவிட்டான். செம்பனையில் எண்ணெய் கூடுதலாக இருப்பது பழுத்து உதிர்ந்த பழத்தில்தான். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறிவிடும், அப்புறம் தோட்டத்துத் துரையிடம் பேச்சு வாங்குவது ஆட்களை மேய்க்கும் மண்டோராகிய நான். அவன் கூலியில் 15 வெள்ளி பிடித்து எழுதினேன். நோன்பு நோன்பாக இருக்கட்டும், வேலை வேலையாக நடக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் இதைக் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொண்டே சொன்னேன். மனைவி பேசாமல் ரசம் ஊற்றினாள். சின்னவள் மட்டும், "அந்த அண்ணன் பகல் முழுக்கத் தண்ணீரும் குடிக்கவில்லையா?" என்று கேட்டாள்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வந்தால் வீட்டில் புகார். குளிர்பெட்டியில் ஐஸ் கட்டியே தங்குவதில்லை, ரோஸ் சிரப் பாதியாகிவிட்டது, கழுவி வைத்த காலிப் போத்தல்களைக் காணோம் என்று மனைவி அடுக்கினாள். எதேச்சையாக அட்டை உண்டியலைத் தூக்கினேன். காற்றுப் போல இருந்தது. முந்தாநாள் நானே எண்ணிப் பார்த்தது: 8 வெள்ளி 40 காசு.

கடையில் மிட்டாய் வாங்கித் தின்றாயா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். பின்னே எங்கே என்றேன். பதில் இல்லை. ஆண்டவருக்கு என்று வைத்த காசில் கைவைத்தாயே என்று உரக்கவே திட்டினேன். அழவில்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. ட்யூஷனுக்கு மிதிவண்டியில் போகக்கூடாது என்று சொல்லப்போனேன், மனைவி தடுத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்

நாளைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தில்) ஆள் மாற்றம் இருந்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று மாலையில் அந்த ஆறு பேரும் தங்கும் கொங்சிக்குப் போனேன். நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம். மதகுக் கட்டையில் ஆறு போத்தல்கள் வரிசையாக நின்றன. இளஞ்சிவப்புத் தண்ணீர், உள்ளே ஐஸ், வெளியே வேர்த்து வழிகிறது.

என்னைக் கண்டதும் அவர்கள் எழுந்தார்கள். இளையவன் நெஞ்சில் கைவைத்து, "தெரிமா காசே, மண்டோர்" என்று நன்றி சொன்னான். ஒரு வாரமாகத் தினமும் வருகிறதாம். யார் வைக்கிறார்கள் என்று பார்த்ததில்லையாம். தோட்டத்திலிருந்து மண்டோர்தான் அனுப்புகிறார் என்று அவர்களே முடிவு கட்டியிருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "சாமா-சாமா" என்றேன். நன்றிக்கு மலாயில் சொல்லும் பதில் அது. நாக்கில் தேன் தடவியதுபோல இருந்தது. ஆபீசிலிருந்து ஏதோ ஏற்பாடு போலிருக்கிறது, பெயர் நமக்கு வந்தால் வரட்டுமே என்ற நினைப்பு.

அப்புறம்தான் கடைசிப் போத்தலைப் பார்த்தேன். மூடியில் நீல மையில் "மோர்" என்று மனைவியின் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து சின்னவளை வாசலில் உட்கார வைத்துக் கேட்டேன். நீங்கள் காசு பிடித்த மறுநாளிலிருந்து என்றாள். ட்யூஷன் முடிந்து வரும் வழிதானே என்றாள். வீட்டு ஐஸ் போதாதபோது உண்டியல் காசில் கடையில் ஐஸ் வாங்கினாளாம். அன்று திட்டியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன்.

"சொன்னால் இடது கைக்குத் தெரிந்துவிடும். சாமியார் சொன்னாரே."

சற்று யோசித்துவிட்டு, "இப்போது தெரிந்துவிட்டது" என்றாள். என்னைத்தான் பார்த்துச் சொன்னாள். இந்த வீட்டில் இடது கை யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மார்ச் 20, வியாழன்

தூக்கம் வரவில்லை. நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை என்று நான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

பூசை முடிந்து வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். ஒருவர் தன் மகன் வாசகம் வாசித்த அழகைச் சொன்னார். இன்னொருவர் தன் மகள் முழு செபமாலையும் மனப்பாடம் என்றார். என் வாய் அரித்தது. சொல்லிவிட்டேன். மதகு, ஐஸ், மூடியில் மோர், எல்லாவற்றையும். நான் "சாமா-சாமா" சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன்.

அரை மணியில் அது ஞானோபதேச வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆசிரியை அவளை முன்னால் நிறுத்திக் கைதட்ட வைத்திருக்கிறார். நல்ல மனத்தோடுதான் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காரில் ஏறியதும் அழுதாள். 14ஆம் தேதி திட்டியபோது வராத அழுகை அது.

"எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இனிமேல் அது அதே மாதிரி இருக்காது அப்பா."

மன்னித்துக்கொள் என்று என் பிள்ளையிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. என் அப்பா என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பழக்கமில்லாத சொல் என்பதால் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி. வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன்" என்றாள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சந்தையில் ஐஸ் தட்டு மூன்று வாங்கி, நிரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மாலையில் மூன்றும் காலி.

கூலிக் கணக்கான செக்ரோல் முடிக்கும் நாள். அந்த 15 வெள்ளி விஷயமாக ஒரு காரியம் செய்தேன். என்ன செய்தேன் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதப்போவதில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஊதாரி மைந்தன் வாசகம். இத்தனை ஆண்டுகளாகத் திரும்பி வந்த இளையவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்துக்கு உள்ளே வராமல், தன் உழைப்பைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்ற மூத்தவன் இன்று கண்ணில் பட்டான். அவனும் நல்ல மண்டோராக இருந்திருப்பான்.

மார்ச் 31, திங்கள்

ஹரி ராயா, நோன்புப் பெருநாள். பத்து மணி வாக்கில் இளையவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பால் ஊற்றிய சேமியாவை ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தான். உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "அந்தத் தண்ணீரை மறக்க மாட்டோம், மண்டோர்" என்று மலாயில் சொன்னான்.

அது நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சமையலறை வாசலில் சின்னவள் நின்றாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்: வேண்டாம்.

"சாமா-சாமா" என்றேன். அன்று தேனாக இருந்த அதே சொல் இன்று மீன் முள் மாதிரி இறங்கியது. அவன் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று மனைவி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் சின்னவள் டப்பாவைத் திறந்து அச்சுமுறுக்கை எண்ணி எண்ணி அடுக்கிவிட்டாள். ஆறு பேருக்குப் பன்னிரண்டு. சேமியா நன்றாக இருந்தது. முந்திரி தாராளமாகப் போட்டிருந்தான்.