கைக்கு அடியில் ஒரு வழி

ராத்திரி தூக்கம் வராமல் போனில் ஜப்பானின் கால்பந்துப் போட்டியான ஜே லீக்கின் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தோடு வருகிறார் தாய்லாந்து வீரர் சனாதிப் சோங்க்ராசின். 158 செ.மீ. உயரம்தான். தடுக்க வந்தவரின் தோளைக்கூட எட்டாத தலை.

இடித்தால் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். மனுஷன் அவர் கைக்கு அடியிலேயே புகுந்து போய்விட்டார்!

மூன்று தடவை திருப்பிப் பார்த்தேன்.

தாய்லாந்தில் செல்லமாக 'மெஸ்ஸி ஜே'. 2017இல் அங்குள்ள முவாங்தோங் அணியிலிருந்து ஜப்பானில் பனி கொட்டும் சப்போரோவின் அணிக்குப் போனார். அடுத்த வருஷமே ஜே லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவர். அப்புறம் இன்னொரு ஜப்பான் அணியான கவாசாகி, அங்கே அவ்வளவாக எடுபடவில்லை. 2023இல் ஊர் திரும்பிவிட்டார்.

எங்கள் பள்ளி அணியிலும் ஒரு குள்ளப் பையன் இருந்தான். நாங்கள் அவனை எப்போதும் பந்து பொறுக்கத்தான் அனுப்பினோம்.