ரெண்டு சீட்டா, நாலு சீட்டா

2025 ஜூலை 5, சனி

என் பழைய கார், டொயோட்டா விட்ஸை வாங்கினவர் காலையிலேயே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அடுத்த கார். இந்த முறை ஷோக்குக்கு ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்துக் கனகாலம். மகன் உயர்தரம் படிக்கிறான், அவனுக்குச் சைக்கிள் போதும். வீட்டுக்காரருக்கு டிமோ பட்டா, குட்டி லொறி. குடும்பமாகத் தூரம் போவதென்றால் பக்கத்து வீட்டு வேன் இருக்கிறது. ஆகவே வரப்போகிற கார் எனக்கே எனக்கு. வேலைநாளில் மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து கல்முனை, பின்னேரம் திரும்பக் கல்லடி. ஒரு வழிக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. ஷோக்குக் கார்தான், ஆனால் நாளாந்தம் ஓட வேண்டும். ஷெட்டில் சீலை போர்த்து வைக்கிற கார் எனக்கு வேண்டாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதியை இந்தப் பெப்ரவரி முதலாம் திகதி திறந்துவிட்டார்கள். வரியைக் கூட்டிப் பார்த்தேன், கொப்பியை மூடினேன். பழசுதான்.

பார்வையில் இருப்பவை இரண்டு. சாய்ந்தமருதில் ஒரு டொயோட்டா செலிக்கா, கூப்பே, அதாவது பக்கத்துக்கு ஒரு கதவு, நாலு சீட். அம்பாறையில் ஒரு மஸ்டா ரோட்ஸ்டர், கூரை திறக்கிற ரெண்டு சீட் கார், வெளிநாடுகளில் எம்.எக்ஸ்-5 என்று ஓடுவது. இரண்டு பேரும் கேட்கிற விலை கிட்டத்தட்ட ஒன்று. அது நல்லது, காசைச் சாட்டித் தப்ப ஏலாது.

2025 ஜூலை 13, ஞாயிறு

மெக்கானிக் ஆரையம்பதிப் பாஸையும் கூட்டிக்கொண்டு செலிக்கா பார்க்கப் போனேன். 2000ஆம் ஆண்டு வண்டி, எஸ்.எஸ்-1, 1.8 லீற்றர், 5 கியர் மனுவல். சொந்தக்காரர் நானா தேத்தண்ணி தந்தபிறகுதான் சாவியைத் தந்தார். "தங்கச்சி, பேர்தான் ஸ்போர்ட்ஸ் கார். உள்ளுக்கு இருக்கிறது அலியன்ட என்ஜின்தான், பயப்படாதீங்க" என்றார். உண்மைதான். டொயோட்டாவின் 240 அலியன், பிரீமியோ கார்களில் 1.8 என்று வந்ததும் இதே 1ZZ என்ஜின். சாமானுக்கு அலையத் தேவையில்லை, கல்முனையில் கைவைக்கத் தெரிந்த கராஜும் உண்டு. டைமிங் பெல்ட் இல்லை, செயின்.

பின்கதவைத் தூக்கிப் பின்சீட்டை மடித்தால் அரிசி மூட்டை இரண்டும் காஸ் சிலிண்டரும் போகும். ஒரு ஸ்போர்ட்ஸ் காரிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. கிளட்ச் இலேசு. மருதமுனை வரை போய்த் திரும்பினோம். முன்சில்லு இழுக்கிற வண்டி, நேராகப் பிடித்தால் நேராக நிற்கிறது, குணமான கார்.

ஒரு சங்கடம். நானாவின் வாசலில் கானுக்கு மேல் போட்ட சிலாப் கொஞ்சம் உயரம். இறங்கும்போது முன்பம்பரின் அடி "கர்ர்" என்று உரசியது. நானா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அது எப்பவும் அப்படித்தான், சரிச்சு எடுக்கணும்." குனிந்து பார்த்தேன். முன்சில்லுக்கு முன்னால் மூக்கு நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதன் அடி முழுக்க வெள்ளைக் கோடு.

2025 ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை, மாமாங்கத் தீர்த்தம். கார் இல்லாத வீடு, அமிர்தகழிக்கு ஆட்டோ. பாதி வழியில் இறங்கி நடந்தோம், கார் இருந்தாலும் அதுதான் கதி. திரும்பி வரும்போது பெரியம்மா கேட்டா: "கூரை இல்லாத காரா பாக்கிறாய்? இந்தக் கச்சான் காத்துக்க கருவாடாப் போவாய் புள்ள."

2025 ஆகஸ்ட் 2, சனி

அம்பாறை. ரோட்ஸ்டர் 1999ஆம் ஆண்டு வண்டி, 1.6 லீற்றர், 125 குதிரைவலு, 5 கியர். இந்தக் காரின் முதல் வடிவத்தை 1989இல் சிக்காகோ கண்காட்சியில் காட்டினார்கள். ஜப்பானில் அப்போது யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். அதில் லைட் இரண்டும் தவளைக் கண்போல மேலே எழும்பும். நான் பார்த்தது 1998இல் வந்த இரண்டாவது வடிவம். எழும்புகிற லைட் இல்லை. பின்கண்ணாடி பிளாஸ்டிக் அல்ல, உண்மையான கண்ணாடி. அன்றாட ஓட்டத்துக்கு இந்தக் கண்ணாடிதான் பெரிய விஷயம், நம்முடைய வெயிலில் பிளாஸ்டிக் மஞ்சளாகி மழைநாளில் பின்னால் வருகிற பஸ் தெரியாது.

ஹூட்டை, அதாவது மடிகிற கூரையை, கழற்ற மெனக்கெட வேண்டியதில்லை. முன்கண்ணாடிக்கு மேல் இரண்டு கொக்கி. விடுவித்து, சீட்டில் இருந்தபடியே பின்னுக்குத் தள்ளினால் மடிந்துவிடும். சொந்தக்காரர் மாத்தயா ஒரு கையால் செய்து காட்டினார். நான் இரண்டு கையாலும் செய்தேன்.

காரைதீவுப் பக்கம் ஓடினோம். இரு பக்கமும் சிறுபோக அறுவடை, வைக்கோல் வாசம் நேரே காருக்குள். என்ஜின் முன்னுக்கு, இழுவை பின்சில்லில், நிறை ஒரு தொன் அளவு. ஸ்டியரிங்கை விரலால் திருப்பினாலே மூக்கு திரும்பிவிடுகிறது. கியர் கம்பு கட்டை. மணிக்கட்டை அசைத்தால் மாறுகிறது. 125 குதிரை என்பது கடதாசியில் சின்ன எண், அறுபதில் போகும்போதே வேகமாகப் போகிற மாதிரி இருக்கிறது. அறுபதுக்கு மேல் போக முடியாத றோட்டில் அன்றாடம் ஓடுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? செலிக்கா எண்பதில்தான் வாய் திறக்கும். காத்தான்குடி பேரீச்சை மரங்களுக்கு நடுவே எண்பதில் போகிறவன் நேரே பொலிசுக்குத்தான் போவான்.

திரும்புகிற வழியில் மாத்தயா ஒரு புத்தி சொன்னார்: பொழுதுபட்டால் மகாஓயாப் பக்கம் ஹூட் திறந்து போகாதே, யானை நிற்கும். ஹூட்டைப் போட்டிருந்தால் மட்டும் யானை கும்பிட்டுவிட்டுப் போகுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

கூப்பேயா என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது, "நாலு பேர் போகலாம்தானே." ஆகவே நானாவிடம் கேட்டு செலிக்காவை வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவை ஏற்றிப் பார்த்தோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மாதாந்தக் கிளினிக் உண்டு.

முன்சீட்டை முன்னுக்குத் தள்ளினேன். பின்சீட்டுக்குப் போகிற வழி ஒரு சாண் போலத் திறந்தது. அம்மா காரையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. "இதுக்குள்ள என்னெண்டு புள்ள ஏறுற? எனக்கு ஒண்ணாது." மகன் ஏறினான். தலையைச் சரித்துக்கொண்டுதான் இருந்தான், பின்கதவுக் கண்ணாடி அவன் உச்சியில் முட்டியது. களுவாஞ்சிகுடி வரை கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். இறங்கினவன் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இதுல பேக் வைக்கலாம்மா" என்றான்.

முன்சீட்டில் அம்மா இருந்தா. தாழ்வுதான், ஆனால் முதலில் குந்தி, மறுகா காலிரண்டையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே வைக்கச் சொல்லிக் கொடுத்தேன், சரிவந்தது. சீலையோடு நானும் அப்படித்தான் ஏற வேண்டும். ரோட்ஸ்டரிலும் இதே வித்தைதான், இதே உயரம்தான். ஆக, அம்மா ஏறக்கூடிய சீட் கூப்பேயிலும் ஒன்று, ரோட்ஸ்டரிலும் ஒன்று. மிச்ச இரண்டும் நான் காசு கொடுக்கப்போகிற, ஆனால் ஆள் இருக்காத சீட்.

2025 ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெயில் சோதனை. மாத்தயா ஒரு அலுவலாக மட்டக்களப்புக்கு வந்தார், கார் என் வாசலில். நானாவும் செலிக்காவோடு வந்தார், இரண்டு பேரும் திண்ணையில் இருந்து அரசியல் கதைத்தார்கள். நடுப்பகல் இரண்டு காரையும் வெயிலில் ஒரு மணித்தியாலம் விட்டுப் பிறகு ஏசியைப் போட்டோம்.

செலிக்காவின் பின்கதவு பெரிய சரிந்த கண்ணாடி. சூரியன் அதற்குள்ளாலே நேரே பின்சீட்டில் விழுகிறது. ஏசி நல்லது, இருந்தும் அந்த நீளமான உள்ளிடம் குளிர நேரமெடுத்தது. ரோட்ஸ்டரின் கறுப்பு ஹூட் தொட்டால் சுடும். ஆனால் குளிரூட்ட வேண்டிய இடம் இரண்டு பேர் இருக்கிற அளவு மட்டும், வேகமாகக் குளிர்ந்துவிட்டது. இது நான் எதிர்பாராதது. பெரியம்மா நம்பமாட்டா.

நடுப்பகலில் ஹூட்டைத் திறக்கிற ஆள் இந்த ஊரில் இருக்கமாட்டான். திறப்பது காலையிலும் பின்னேரமும்தான். காலையில் தெற்கே போகிறேன், சூரியன் இடப்பக்கம். பின்னேரம் வடக்கே வருகிறேன், அப்போதும் சூரியன் இடப்பக்கம். நாங்கள் சாரதி வலப்பக்கம் இருக்கிற நாடு. வெயில் இரு முறையும் பக்கத்துச் சீட்டுக்கு. என்னோடு வருகிற கந்தோர்த் தங்கச்சியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

பக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓடினால் முந்தானை பறக்காது. கொண்டைக்கு ஒரு கிளிப் காணும்.

நீளமும் அளந்தேன். செலிக்கா 4.3 மீற்றருக்கு மேல், ரோட்ஸ்டர் நாலு மீற்றருக்கும் குறைவு. கல்முனைப் பஸாரில் ஆட்டோக்களுக்கு நடுவே நிறுத்துகிறவளுக்கு அந்த ஒரு முழம் பெரிசு. சில்லுகளுக்கு இடையிலான தூரமும் 2.6 மீற்றருக்கு எதிரே 2.27, அதனால் வேகத்தடையில் வயிறு அடிபடாமல் ஏறி இறங்குகிறது.

2025 செப்டெம்பர் 20, சனி

பாஸ் இரண்டையும் பிரித்து மேய்ந்த நாள்.

செலிக்காவை ஓடவிட்டு, இறக்கத்தில் கியரில் விட்டுப் பிறகு காலை அமர்த்தச் சொன்னார். பின்னால் நீலப்புகை, கொஞ்சம்தான், ஆனால் நீலம். பழைய 1ZZ என்ஜினுக்குப் பேர்போன வருத்தம் இது. பிஸ்டனில் ஒயில் திரும்பி வடிகிற ஓட்டைகள் சிறிது, கரி பிடித்து அடைத்தால் ஒயில் ரிங் ஒட்டிக்கொள்ளும், என்ஜின் ஒயில் குடிக்கும். பிற்பட்ட வருஷங்களில் டொயோட்டா பிஸ்டனை மாற்றியது. இந்த வண்டி அதற்கு முந்தினது. "ஓடும் மிஸ். ஒவ்வொரு கிழமையும் டிப்ஸ்டிக் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார் பாஸ். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருஷ வரி லைசன்ஸ் எடுக்க ஏலாத நாட்டில் அது "அவ்வளவுதான்" இல்லை.

ரோட்ஸ்டருக்கு வேறு பயம்: துரு. ஹூட்டில் விழுகிற மழைத்தண்ணி சீட்டுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள துளைக்குள் இறங்கி, குழாயால் பின்சில்லுக்கு முன்னால் கீழே வடிய வேண்டும். இலையும் மண்ணும் அடைத்தால் தண்ணி கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கும், உள்ளிருந்து தின்னும், வெளியே பெயிண்ட் மினுங்கும். கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது விளையாட்டில்லை.

பாஸ் ஒரு போத்தல் தண்ணியை இடது மூலையில் மெதுவாக ஊற்றினார். நான் கீழே குந்திப் பார்த்தேன். சில்லுக்கு முன்னால் தண்ணி சுத்தமாக வடிந்தது. வலது மூலையில் ஊற்றினார், ஒன்றும் வரவில்லை. மாத்தயா பதறிப்போனார். ஈர்க்கு ஒன்றை விட்டுக் குடைந்ததும் கறுப்புச் சேறும் வேப்பிலையும், பிறகு தண்ணியும். பாஸ் கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டே போனார். காந்தம் ஒட்டினால் தகரம், வழுக்கினால் பூச்சு. பின்முனையில் உள்ளங்கை அகலம் வழுக்கியது. "டிங்கரிங் வேலை ஒரு துண்டு. வெட்டிப்போட்டு ஒட்டலாம்." விலையில் அதைக் கழிக்கச் சொன்னேன். மாத்தயா சம்மதித்தார்.

2025 ஒக்டோபர் 5, ஞாயிறு

மழை தொடங்கிவிட்டது. ஹூட்டின் இடதுபக்க ஓரம் ஒழுகுகிறது என்று மாத்தயா தொலைபேசியில் தானாகவே சொன்னார், நல்ல மனுஷன். ஓரத்து ரப்பர் காய்ந்திருக்கிறது, ஒரு தையலும் விட்டிருக்கிறது. ஆட்டோவுக்கு ஹூட் தைக்கிற குஷன் கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டு, "இதென்ன ஆட்டோவை விடச் சின்னதா இருக்கு" என்றார். தைப்பார். செலிக்காவின் பிஸ்டனை இந்த ஊரில் தைக்க ஏலாது.

மாரி வெள்ளத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இரண்டுமே தாழ்ந்த வண்டிகள், வெள்ளநாளில் இரண்டுமே போகாது. அன்றைக்கு பஸ், இல்லாவிட்டால் பட்டா.

2025 ஒக்டோபர் 11, சனி

ரோட்ஸ்டருக்கு முற்பணம் கொடுத்தேன். ஓப்பன் பேப்பரில் வேண்டாம், பெயர் மாற்றித்தான் மிச்சக் காசு என்று சொன்னேன். நானாவுக்கு நேரே போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "நாலு சீட் விட்டுட்டு ரெண்டு சீட் எடுத்திருக்கீங்க தங்கச்சி" என்றார். நாலு சீட்டில் மகன் கழுத்தைச் சரித்த கதையைச் சொன்னேன், அவரும் சிரித்தார். அவருடைய பிள்ளைகளும் அதில் ஏறுவதில்லையாம்.

லீசிங் கேட்ட ஒரு இடத்தில் வருஷத்தைக் கேட்டதுமே போர்மை மூடிவிட்டார்கள். விட்ஸ் விற்ற காசும் கைமாற்றும்தான்.

2025 ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கார் வாசலில். டிங்கரிங் முடிந்தது, பெயிண்ட் நிறம் கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது, தெரிந்தவனுக்குத் தெரியும். இந்த என்ஜினுக்கு டைமிங் பெல்ட், எப்போது மாற்றியது என்று மாத்தயாவிடம் ரசீது இல்லை. ஆகவே மாற்றித்தான் ஓடுவேன், பெல்ட்டோடு வோட்டர் பம்பும். சாமான் கொழும்பில், உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறது. பற்றரி பின்னுக்கு டிக்கிக்குள் இருக்கிறது, சின்ன அளவு. அதையும் மாற்ற வேண்டும்.

மகனும் அம்மாவும் முதல் ஓட்டம் யாருக்கு என்று சண்டை. வியாழன் கிளினிக், ஆகவே அம்மா. மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை, கொக்கட்டிச்சோலை வரை, மண்முனைப் பாலத்தால்.