ஐம்பது படுக்கை மருத்துவமனையில் கம்ப்ளையன்ஸ்: எங்கிருந்து தொடங்குவது

வேலூரில் ஒரு நடுத்தர மருத்துவமனைக்குப் போய் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டத்தையும் விதிமுறைகளையும் கடைப்பிடிப்பது பற்றிய ஃபைல் கேட்டால், பெரும்பாலும் லைசென்ஸ் ஜெராக்ஸ்கள் அடுக்கிய பாக்ஸ் ஃபைல் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். மருத்துவமனைப் பதிவு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரே உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, பார்மசி லைசென்ஸ். எல்லாமே இருக்க வேண்டியவைதான். ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த மறுநாள் இரவு வார்டில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஃபைல் சொல்லாது. தவறைப் பார்த்தவர், அவர் காண்ட்ராக்ட் ஊழியராகவே இருந்தாலும், அன்றைக்கே பயமில்லாமல் சொல்ல முடிகிறதா? சொன்ன பிறகு ஏதாவது நடக்கிறதா? நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இதற்கான சட்டகம் அமெரிக்காவில் உருவானது. 1991ல் அங்கே நிறுவனங்களுக்கான தண்டனை வழிகாட்டுதல்கள் வந்தன. 1998ல் அவர்களுடைய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் மருத்துவமனைகளுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023 நவம்பரில் அதே அலுவலகம் எல்லா சுகாதார நிறுவனங்களுக்கும் பொதுவான வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. எழுத்தில் விதிமுறை, பொறுப்பான அதிகாரியும் குழுவும், பயிற்சி, புகார் சொல்ல வழி, எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் நடவடிக்கை, அபாயங்களைக் கணித்துத் தணிக்கை செய்வது, கண்ட தவறைத் திருத்துவது என்று ஏழு உறுப்புகள். நம் ஊரில் கடமைகள் பல சட்டங்களில் சிதறிக் கிடந்தாலும் இந்த எலும்புக்கூடு பொருந்தும். ஏழையும் ஒரே மாதத்தில் செய்ய முயல்வதுதான் பொருந்தாது.

முதல் வேலை ஆளை நியமிப்பது. அமெரிக்க வழிகாட்டுதல், கம்ப்ளையன்ஸ் அதிகாரி சட்டப் பிரிவுக்கோ நிதிப் பிரிவுக்கோ கீழே இருக்கக் கூடாது என்கிறது. ஐம்பது படுக்கை மருத்துவமனையில் முழுநேர அதிகாரி வைக்க முடியாது என்பது உண்மை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பொறுப்பாளரோ, மூத்த நர்ஸோ வாரத்துக்கு இரண்டு மதியம் இதைச் செய்யலாம். பில்லிங் மேனேஜரிடம் மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். தான் போட்ட பில்லைத் தானே தணிக்கை செய்யும் நிலை வந்துவிடும். நியமன உத்தரவில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: எந்தக் கேஸ் ஷீட்டையும் பில்லையும் கேட்டுப் பார்க்கலாம், சந்தேகமான இன்சூரன்ஸ் கிளெய்மை நிறுத்தி வைக்கலாம், நேரே நிர்வாக இயக்குநரிடமோ டிரஸ்டிகளிடமோ அறிக்கை தரலாம். இந்த மூன்றும் இல்லாத அதிகாரியால் ஃபைல்தான் அடுக்க முடியும்.

அடுத்தது, தவறு எங்கே மிகச் சுலபமாக மறைகிறதோ அங்கே கையை வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பயன்படுத்திய ஊசி ஊழியர் கையில் தவறிக் குத்திவிடுவது.

2016ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் எதை எந்த நிறப் பையில் பிரித்துப் போடுவது என்பதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ரத்தம் பட்ட பஞ்சு, டிரெஸ்ஸிங், நஞ்சுக்கொடி, காலாவதி மருந்து மஞ்சளில், ஐ.வி. செட், டியூப், ஊசி நீக்கிய சிரிஞ்ச், கிளவுஸ் சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். சுவரில் சார்ட் ஒட்டாத வார்டு கிடையாது. இருந்தும் ஊசியோடு ஐ.வி. செட் சிவப்புப் பையில் விழுகிறது. காரணம் பெரும்பாலும் அறியாமை அல்ல. ஊசியை வெட்டி எடுக்கும் ஹப் கட்டர் நர்சிங் ஸ்டேஷனில் இருக்கிறது, நோயாளி பத்தாவது படுக்கையில் இருக்கிறார், இரவு டியூட்டியில் ஒரே நர்ஸ். கட்டரையும் வெள்ளை டப்பாவையும் டிராலியிலேயே வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடி மாற்ற வேண்டும். ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது.

அந்தச் சிவப்புப் பையை அதிகாலையில் தூக்கும் ஹவுஸ்கீப்பிங் அம்மாவின் கையில் ஊசி குத்தினால் என்ன ஆகிறது? சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுத்திப் பிதுக்கக் கூடாது. ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போடுவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 28 நாள். நடைமுறையில் அந்த அம்மா ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். சொன்னால் காண்ட்ராக்டர் திட்டுவார், மருத்துவச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம். ஆறு மாதமாக ஊசிக் காயப் பதிவேடு வெறுமையாக இருக்கும் மருத்துவமனையில் ஊசி குத்தவில்லை என்று நான் நம்ப மாட்டேன். காண்ட்ராக்டர் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: ஊசிக் காயத்துக்கான பரிசோதனை, மருந்துச் செலவு மருத்துவமனையுடையது, சொன்னதற்காக எந்தப் பிடித்தமும் கிடையாது. முதல் டோஸ் மருந்து இரவிலும் திறக்கும் அலமாரியில் இருக்கட்டும். சாவி யாரிடம் என்பது வார்டு பலகையில் இருக்கட்டும். கழிவைக் கையாளும் அத்தனை பேருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி அளவு 10 mIU/mlஐத் தொட்டதா என்று பார்த்துவிடுங்கள். வேலையில் சேரும்போதும் அதன் பிறகு ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும் என்பதும், ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கின்றன. காண்ட்ராக்ட் ஆட்களும் இதில் அடக்கம்.

சேமிப்பு அறையில் சில வகைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சனிக்கிழமை காலையில் வண்டி வந்து போய், ஞாயிறு வராமல், திங்கள் மதியம் வந்தால் கெடு தாண்டிவிட்டது. மே மாத வேலூர் வெயிலில் அந்த அறையின் நிலை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தவிர்க்க முடியாமல் தாமதமானால் பாதுகாப்பு ஏற்பாடு செய்து, காரணத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு வண்டி வரும் நாட்களை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைப்பது இதைவிடச் சுலபம்.

ஸ்கேன் அறைக்கு வருவோம். 1994ம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடைச் சட்டத்தில், கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம். அந்த மாத அறிக்கை அடுத்த மாதம் 5ம் தேதிக்குள் மாவட்ட அதிகாரியிடம் போக வேண்டும். படிவத்தில் விடுபடும் ஒரு கட்டம்கூட எழுத்துப் பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது. குறைபாடு இருந்தாலே சட்டமீறல் என்று அனுமானம், இல்லையென்று நிரூபிப்பது ஸ்கேன் செய்தவரின் பொறுப்பு. 2019ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதி செய்தது. பாலினத் தேர்வு நடந்தால் அதற்கு மிஞ்சும் தடயம் இந்தக் காகிதம் மட்டும்தான் என்பதால் இந்தக் கடுமை நியாயமானது என்றே நினைக்கிறேன். வழக்கமாகத் தவறுவது இவை: எதற்காக ஸ்கேன் என்ற காரணம் குறிக்கப்படவில்லை, அனுப்பிய டாக்டரின் சீட்டு இணைக்கப்படவில்லை, கர்ப்பிணியின் உறுதிமொழியில் கையெழுத்து இல்லை, ஸ்கேன் டாக்டர் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடுகிறார். கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது. முப்பது படிவமும் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில் இருக்கும். படிவம் முழுதாக நிரம்பிக் கையெழுத்தான பிறகே ரிப்போர்ட் பிரிண்ட் ஆகும் என்று விதி வைத்தால் இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வேலூருக்கென்றே உள்ள சிக்கல் மொழி. காட்பாடியில் ரயில் இறங்கி மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறார்கள், வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். சித்தூர்ப் பக்கமிருந்து தெலுங்கு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கமிருந்து உருது. இவர்களிடம் ஆங்கிலக் கன்சென்ட் ஃபார்மை நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, உருது ஐந்திலும் ஃபார்ம் வேண்டும். லாட்ஜிலிருந்து கூடவே வரும் ஏஜென்டை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அறுவை சிகிச்சை நடந்தால் அவருக்கு ஆதாயம் இருக்கலாம். மொழி தெரிந்த ஊழியர் விளக்கி, தன் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விளக்கியதும் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: “உங்களுக்கு என்ன ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும்?” அவர் சொன்ன பதிலை ஒரு வரியில் குறித்து வையுங்கள். பரிசோதனைக்கு வாங்கிய சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் கேட்டுக் கருப்பையை எடுத்த வழக்கு அது. ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) வாசலில் அவசரமாக வாங்கும் கையெழுத்துகள் இந்த வகையில்தான் சிக்குகின்றன. வெளிநாட்டு நோயாளியை அட்மிட் செய்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைக் குடியேற்ற அதிகாரிகளின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். லாட்ஜ்காரர் ஏற்றிவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது.

ரகசியம் காப்பதில் இந்த ஊருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பது 1986ல் தெரிய வந்தபோது, சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டது வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில்தான். அதன் பிறகு 2017ல் தனிச் சட்டமே வந்து, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சம்மதமில்லாமல் பரிசோதனை கூடாது, முடிவை வெளியிடக் கூடாது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் இதற்கென்று புகார் அதிகாரி வேண்டும். இன்றும் கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுவது, ஓ.டி. லிஸ்டில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போடுவது நடக்கிறது. எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு முறை என்றால் நட்சத்திரத்துக்குத் தேவையே இல்லை. டியூட்டி வாட்ஸப் குரூப்பில் பெயரோடு எக்ஸ்ரே படம் போடுவதும் இதே வகைதான். அப்பா, அம்மா, மாமா என்று உறவினரும் அதே ஊரில் வேலை செய்யும் இடத்தில் செய்தி ஒரு மணி நேரத்தில் தெருவுக்குப் போய்விடும்.

பணம் புழங்கும் இடத்தில் இரண்டு சோதனை போதும். முதலாவது, மாதம் 20 டிஸ்சார்ஜ் ஃபைலைக் குலுக்கல் முறையில் எடுத்து, பில்லை நர்ஸ் குறிப்போடு ஒப்பிடுவது. ஐ.சி.யூ. மூன்று நாள் என்று பில் சொன்னால், மணிக்கணக்கு சார்ட் மூன்று நாளுக்கு இருக்கிறதா? ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் ஸ்டிக்கர் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கிறதா, பேட்ச் எண் பில்லில் தனியாக இருக்கிறதா? 2017 பிப்ரவரியில் விலை உச்சவரம்பு வந்தபோதே பிராண்டும் பேட்சும் பில்லில் தனியே காட்ட வேண்டும் என்று ஆணை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சேர்ந்தவரிடம் அதே சிகிச்சைக்குக் கையில் பணம் வாங்கியிருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஐந்து பேருக்காவது போன் செய்து கேளுங்கள். ஃபைலில் வராதது அந்தப் போனில் வரும்.

இரண்டாவது, ரொக்க வவுச்சர்கள். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் 2002ம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் 6.4வது விதிப்படி டாக்டருக்குத் தடை. விளம்பரச் செலவு, போக்குவரத்து என்ற தலைப்பில் மாதந்தோறும் ஒரே பெயருக்கு ஒரே தேதியில் போகும் தொகையைத் தேடுங்கள். ஆட்டோ, லாட்ஜ், ஆம்புலன்ஸ் மூன்றும் சங்கிலியில் இருக்கும். கமிஷன் கொடுத்து வரவழைத்த நோயாளிக்குத் தேவையில்லாத ஸ்கேன் எழுதித்தான் அந்தப் பணத்தை ஈடுகட்ட முடியும். பாதிக்கப்படுவது வீட்டையோ நகையையோ அடகு வைத்து வந்தவர்.

புகார் சொல்லும் வழியைச் சின்னதாக வையுங்கள். ஊழியர் கழிவறைப் பக்கத்தில், கேமரா பார்வையில் படாத இடத்தில் ஒரு பெட்டி. சாவி கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் ஒன்று, நிர்வாகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வாட்ஸப் எண் ஒன்று. வந்த ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஏழு நாளில் “பார்க்கிறோம்”, முப்பது நாளில் “இது செய்தோம்” என்று பெயரில்லாமல் நோட்டீஸ் போர்டில் போடுங்கள். பதில் வராத பெட்டியில் மூன்றாவது மாதம் டீ கப்தான் கிடக்கும். பாலியல் தொல்லைப் புகார் மட்டும் இந்தப் பெட்டியோடு நிற்கக் கூடாது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், விசாரணை 90 நாளுக்குள். சீனியர் டாக்டர் மேல் வரும் புகாரும் வார்டு பாய் மேல் வரும் புகாரும் ஒரே வேகத்தில் நகர்கிறதா என்பதை ஊழியர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

காலண்டர் ஒன்று சுவரில் வேண்டும்: 5ம் தேதி எஃப் படிவ அறிக்கை, ஜூன் 30க்குள் கழிவு ஆண்டறிக்கை, மூன்று மாதத்துக்கொரு முறை எக்ஸ்ரே ஊழியர் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ். காலாவதிக்கு 90 நாள் முன்பே ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ஒரு குறி. 2019ல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாகப் பிரிந்ததால், அந்தப் பக்கத்து மருத்துவமனைகள் பழைய பதிவுகளில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஆவணங்களில் எஃப் படிவம் இரண்டு ஆண்டு, கேஸ் ஷீட் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு, ஹெச்1 (கட்டுப்பாட்டுப் பட்டியல்) மருந்துப் பதிவேடு மூன்று, கழிவுப் பதிவேடு ஐந்து. வழக்கு நிலுவையில் இருந்தால் எதையும் அழிக்கக் கூடாது. நோயாளி தன் ரெக்கார்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

தணிக்கையில் தவறு தெரிந்துவிட்டால் முதல் நாளே அந்த ஃபைல்களை எடுத்துப் பூட்டுங்கள். திருத்தி எழுத யாருக்கும் வாய்ப்புத் தரக் கூடாது. பிறகு அதே தவறு முந்தைய ஆறு மாதத்தில் எத்தனை முறை நடந்தது என்று பாருங்கள். கூடுதலாக வாங்கிய பணம் நோயாளியுடையது என்றால் அவருக்கு, காப்பீட்டுடையது என்றால் அந்த நிறுவனத்துக்கு, காரணம் எழுதிய கடிதத்தோடு வங்கி வழியாகத் திருப்புங்கள். கடித நகலைக் குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி, அடுத்த மாதத்து 20 ஃபைலில் பத்தை அதே வகை பில்லிலிருந்து எடுங்கள்.