கேரித்தீவின் மரப்புலி

அம்மா பிறந்தது மலேசியாவின் கேரித்தீவில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், அதாவது லயத்தில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் முப்பது வருடமாகக் குடியிருந்தும் இன்னும் "எங்க தீவு" என்றுதான் சொல்வார். போன மாதம் அவரைக் கூட்டிப் போனேன். எங்கே பார்த்தாலும் செம்பனை. லயம் இருந்த இடம் அவருக்கே பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் காரிலேயே பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, சுங்கை பும்புனுக்குப் போலாம்" என்றார்.

அது மா மெரி மக்களின் கிராமம். மலாய்த் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான 18 ஓராங் அஸ்லி இனங்களில் அவர்களும் ஒன்று. பட்டறையில் பெரியவர் ஒருவர் செந்நிறக் கட்டையைக் காலிடுக்கில் வைத்து உளி பிடித்துக்கொண்டிருந்தார். ஞிரே பத்து என்ற சதுப்புக்காட்டு மரம். பத்துமலையில் உள்ள அதே 'பத்து'தான், கல் என்று பொருள். தூக்கிப் பார்த்தால் பெயர் பொருத்தம் புரியும். முகமூடிக்கு இது ஆகாது. அதற்கு லேசான புலாய், நம் ஏழிலைப்பாலையின் இனம்.

அலமாரியில் சங்கிலிப் புலி இருந்தது. ஹரிமாவ் பெரந்தாய் என்பார்கள். அசைத்தால் வளையங்கள் கலகலவென்றன. ஒட்டு கிடையாது, பூட்டு கிடையாது, எல்லாம் ஒரே கட்டை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் கற்சங்கிலியை அண்ணாந்து பார்த்த அன்றைய சிலிர்ப்பு மறுபடியும் வந்தது.

"எங்கே வெட்டணும்னு எப்படித் தெரியும், பாக்சிக்?" என்று பெரியவரை மலாயில் கேட்டேன். கதை தெரிந்தால் தெரியும் என்றார். ஒவ்வொரு உருவமும் ஒரு மோயாங், மூதாதை ஆவி. அதன் கதை தெரியாதவன் கையில் மரம் மரமாகவே இருக்கும். பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, கதையைத் தங்கள் மொழியிலேயே சொல்லிக்கொண்டு செதுக்குகிறாராம். மூதாதையர் நாளான ஹரி மோயாங் அன்று அந்த முகமூடிகளை அணிந்து மண்மேட்டைச் சுற்றி ஆடுவார்கள். இதைப் போய் நினைவுப் பொருள் என்று விலைச்சீட்டு ஒட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. சதுப்புக்காடு குறையக் குறைய நல்ல கட்டை கிடைப்பதும் கஷ்டமாகிறது. கட்டை இல்லையென்றால் அந்தப் பையன் எதைப் பிடித்துக்கொண்டு கதை கேட்பான்?

எங்கள் லயத்தைப் பற்றிக் கையில் எடுத்துக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லை.

கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி லயத்தைப் பற்றி விசாரித்தார். பெரியவர் உளியைக் கீழே வைத்தார். "கிணற்றுப் பக்கம் மாரியம்மன் கோயில் இருந்ததே, அந்த லயமா?" என்றார். எங்களோடு காரில் ஏறிக்கொண்டார், வழிகாட்ட.