பழைய நாவல் நாடகங்களில் காட்சிகள் ஏன் அவ்வளவு நீளம்?

நாவல்களைத் தழுவி ஐம்பதுகளில் பிபிசி தொலைக்காட்சியில் வந்த நாடகங்களைப் பார்த்துவிட்டு, மேடை நாடகத்தைப் படம் பிடித்ததுபோல இருக்கிறது என்று எடிட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. அந்த வடிவத்தைத் தீர்மானித்ததில் பெரும்பங்கு கருவிகளுடையது.

1954 டிசம்பர் 12 அன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவல் '1984' லண்டன் லைம் குரோவ் ஸ்டுடியோவிலிருந்து நேரலையாகப் போனது. எழுத்து நைஜல் நீல், இயக்கம் ருடால்ஃப் கார்ட்டியர். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நாயகன் பீட்டர் குஷிங் பெரும்பாலான காட்சிகளில் இருக்கிறார். அவர் அடுத்த செட்டுக்கு ஓடி, உடை மாற்றி நிற்க நேரம் வேண்டுமே? முன்பே ஃபிலிமில் எடுத்துவைத்த துண்டுகள் அந்த அவகாசத்தைக் கொடுத்தன. அந்தத் துண்டுகளை ஓட்டி ஒளிபரப்பும் ஃபிலிம் இயந்திரம் வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். அதனால் காட்சி முடியுமுன்பே, வசனத்தில் குறித்துவைத்த ஒரு சொல்லில் அதை ஓட்டிவிட வேண்டும். அதன்பின் நடிகர் வரியை இழுத்தால் பேச்சு பாதியில் அறுபடும். வரியை விழுங்கினால் செட்டில் எல்லோரும் சும்மா நிற்க வேண்டியதுதான்.

நேரலைக் காட்சியின் கடைசி ஷாட் யார் முகத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அடுத்த காட்சியில் வேலையில்லாதவர் முகம்தான். வேலையிருப்பவர் அதற்குள் நழுவியிருப்பார். எழுதும்போதே அப்படி நிற்பவருக்கு ஒரு கடைசி வரியை வைத்துக் கொடுப்பதைப் பெரிய திறமை என்றே சொல்வேன்.

டிசம்பர் 16 வியாழனன்று முழு நாடகத்தையும் மறுபடி நேரலையில் நடித்தார்கள். தொலைக்காட்சித் திரையை ஃபிலிம் கேமராவால் படமெடுத்துப் பதிவு செய்தது அதைத்தான். இன்று நாம் பார்ப்பதும் அதுவே.

பிறகு இரண்டு அங்குல வீடியோ டேப் வந்தும் வெட்டுவது லேசாகிவிடவில்லை. இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தடவி, ஒரு ஃபிரேம் எங்கே முடிகிறது என்று காட்டும் காந்தக் குறி தெரிந்ததும் நுண்ணோக்கியில் பார்த்துப் பிளேடால் அறுக்க வேண்டும். இம்மி பிசகினால் அந்த ஒட்டில் படம் உருளும். அதைவிடத் தொல்லை ஒலி. டேப்பில் ஒலியைப் பதிந்து படிக்கும் ஒலித்தலை, படத்துக்கான படத்தலையிலிருந்து ஒன்பதேகால் அங்குலம் தள்ளியிருப்பதால், வெட்டிய இடத்தில் புதுக் காட்சியின் முதல் அரை விநாடிக்கு மேல் ஒலி போய்விடும். அங்கே பழைய காட்சியின் ஒலி கேட்கும். எனவே வெட்டுக்கு இருபுறமும் நடிகர்கள் வாய்திறக்காமல் இருந்தாக வேண்டும். வெட்டிய டேப்பை மறுபடி பயன்படுத்துவதும் சிரமம். அதன் விலையோ அதிகம். இதற்கெல்லாம் பயந்துதான், முடிந்த மட்டும் நிறுத்தாமலே நீளமாகப் பதிவு செய்தார்கள்.